முட்டுக்காலனின் மூன்று ஏடுகள்

முன்னொரு காலத்திலே, கடலைப் பார்த்துப் போகிற ஆறு கொஞ்சம் யோசித்து வளைந்து நின்ற ஓர் இடத்திலே, தாழைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதற்குப் பூவேந்தன் என்று ஒரு ராஜா. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு காரியத்தை முடிவு செய்வதற்குள் மூன்று வேளைச் சாப்பாடும் ஆறிப்போகும்.

அந்த நாட்டிலே சடையன், சிலம்பாயி என்று ஒரு தம்பதி இருந்தார்கள். தோல்பாவைக் கூத்து ஆடுவது அவர்கள் தொழில். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கை ஏற்றி, ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய பாவைகளைச் சடையன் ஆட்டுவான். சிலம்பாயி தாளம் போட்டுக்கொண்டே பாவைகளுக்குக் குரல் கொடுப்பாள். அவளுக்கு எழுத்தும் தெரியும். கூத்துக் கதைகளைப் பனையோலையில் எழுதி வைப்பதும் அவள்தான்.

திரையில் ராஜா வருவார், ராணி வருவாள், புலி வரும், பூதம் வரும். ஆனால் ஜனங்கள் காத்திருந்தது ஒரே ஒருவனுக்குத்தான். அவன் பெயர் முட்டுக்காலன். பானை வயிறு, மேலே தூக்கிய குடுமி, நடந்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் முழங்கால்கள். அவன் எதைச் சொன்னாலும் தலைகீழாகத்தான் சொல்வான்.

“முட்டுக்காலா, பசிக்கிறதா?” என்று பாவை ராஜா கேட்பார்.

“ஐயோ இல்லை மகாராஜா! வயிறு நிறைஞ்சு வெடிக்குது!” என்பான். சொல்லிக்கொண்டே ஒரு பானைச் சோற்றையும் வழித்துத் தின்பான். ‘போ’ என்று சொல்லிக் கட்டிப்பிடிப்பான். ‘வா’ என்று சொல்லிப் பிடித்துத் தள்ளுவான். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

ஒரு திருவிழாவுக்கு அரண்மனை முற்றத்திலே கூத்து நடந்தது. ராஜா உற்சாகமாக இருந்தார். ஆட்டத்தின் நடுவிலே, “அடே முட்டுக்காலா! என் சபையிலே மகா புத்திசாலி யார்? சொல் பார்ப்போம்!” என்று கேட்டுவிட்டார்.

திரைக்குப் பின்னால் இருந்த சிலம்பாயிக்கு யோசிக்க நேரமில்லை. ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தாள். ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தலைப்பாகை தெரிந்தது. அரண்மனை மந்திரவாதி குறளிநாதனின் தலைப்பாகை அது.

“இதிலென்ன சந்தேகம் மகாராஜா? நம்ம குறளிநாதர்தான் மகா புத்திசாலி!” என்றான் முட்டுக்காலன்.

முட்டுக்காலன் பேச்சுக்குத் தலைகீழ் அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியுமே! சபை முழுக்கச் சிரித்தது. படைத்தலைவர் சிரித்தார், பணிப்பெண்கள் சிரித்தார்கள், ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிக்காதவர் குறளிநாதன் ஒருவர்தான். அவர் எழுந்தார். தலைப்பாகையைச் சரி செய்தார். விறுவிறுவென்று போய்விட்டார்.

பொழுது விடிந்தது. அன்றைக்குத்தான் எல்லாம் தலைகீழானது.

என்ன ஆனது தெரியுமா? ஒருவர் வாயிலிருந்து கிளம்பிய சொல், அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் காற்றிலே ஒரு குட்டிக்கரணம் போட்டது. ‘வா’ என்று சொன்னால் ‘போ’ என்று கேட்டது. ‘வேண்டும்’ என்றால் ‘வேண்டாம்’ என்று கேட்டது. சொன்னவருக்குத் தான் சொன்னது சரியாகவே கேட்டது. கேட்டவருக்குத்தான் மாறிக் கேட்டது. வாயில் கிளம்பியது ஒன்று, காதில் விழுந்தது ஒன்று!

பால்காரி, “பால் வேணுமா?” என்றாள். வீட்டுக்காரி, “வேணும், ஊத்து” என்றாள். பால்காரி காதில் விழுந்தது, “வேண்டாம், ஊத்தாதே.” அவள் போய்விட்டாள். வீட்டுக்காரி செம்பைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். வண்டியில் வந்தவர் “நிறுத்து” என்றார், வண்டிக்காரன் மாட்டை இன்னும் விரட்டினான். மாமியார் “சோறு போதும்” என்றாள், மருமகள் மலைபோலக் குவித்தாள். சாயங்காலத்துக்குள் ஊரில் பேசிக்கொள்ளாத வீடுகளே அதிகம்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ‘நான் சரியாகத்தானே சொன்னேன், இவர்களுக்கு என்ன வந்தது?’ என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அதுதான் அந்த மந்திரத்தின் பொல்லாத்தனம்.

மறுநாள் காலையிலே தெருக்கிணற்றில் தூர் வார வேண்டியிருந்தது. சடையன் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினான். மேலே நாலு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சேற்றை அள்ளி முடித்துச் சடையன் பாதிக் கிணறு ஏறி வந்தபோது, கயிறு கல்விளிம்பில் உரசி நூல் நூலாகப் பிரிவதைச் சிலம்பாயி பார்த்துவிட்டாள்.

“ஐயோ! விடாதீங்க! சீக்கிரம் இழுங்க!” என்று அலறினாள்.

அந்த நாலு பேர் காதில் விழுந்தது என்ன? “ஐயோ! இழுக்காதீங்க! சீக்கிரம் விடுங்க!”

விட்டுவிட்டார்கள். சடையன் விழுந்தான். நல்லவேளை, கீழே சேறும் முழங்கால் தண்ணீரும் இருந்தன. உயிர் தப்பியது. வலதுகால் எலும்பு முறிந்தது.

அவனை மேலே தூக்கிக் கிடத்தியதும் சிலம்பாயி அந்த நாலு பேர்மேல் பாய்ந்தாள். “ஏன்யா விட்டீங்க?”

அவர்கள் காதில், “ஏன்யா இழுத்தீங்க?” என்று விழுந்தது.

“நீதானே விடச் சொன்னே!” என்றார்கள் அவர்கள்.

அவள் காதில், “நீதானே இழுக்கச் சொன்னே!” என்று விழுந்தது.

“ஆமா, அதைத்தானே சொன்னேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

உங்களுக்குத் தலை சுற்றுகிறதா? அவர்களுக்கும் அப்படித்தான் சுற்றியது.

வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். “கட்டு வலிக்குதா?” என்று கேட்டார். “வலிக்குது” என்றான் சடையன். “வலிக்கல” என்று கேட்டு, இன்னும் இறுக்கிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் இருவரும் தனியாக இருந்தார்கள். சடையன் கண்ணில் நீர் வழிந்தது. “சிலம்பு, வலி தாங்க முடியல. பக்கத்துல வந்து உட்காரு புள்ள” என்றான்.

சிலம்பாயிக்குக் கேட்டது இதுதான்: “சிலம்பு, எனக்கு வலியே இல்ல. தள்ளிப் போய் உட்காரு புள்ள.”

அவள் நெஞ்சு வலித்தது. ‘நான் கத்தியதால்தான் கீழே விழுந்துவிட்டதாகக் கோபம்போல’ என்று நினைத்துக்கொண்டாள். “என்னங்க, நான் உங்களை விட்டு எங்கேயும் போக மாட்டேன்” என்றாள்.

அவனுக்குக் கேட்டது, “என்னங்க, நான் உங்களை விட்டுப் போயிடுவேன்.” அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. சொல்லச் சொல்லக் காயம்தான் பெரிதானது. கடைசியில் இருவரும் பேசுவதையே நிறுத்தினார்கள். அவள் கஞ்சியை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுவாள். அவன் உள்ளே சுவரைப் பார்த்து அழுவான்.

மூன்றாம் நாள் சிலம்பாயிக்குப் பொறுக்கவில்லை. அவனை எப்படியாவது ஒரு தடவை சிரிக்கவைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பாவைப் பெட்டியைத் திறந்தாள். முட்டுக்காலனை எடுத்தாள். ஜன்னல் வெயிலில் அவனை ஆட்டியபடியே, முட்டுக்காலன் குரலில் அவன் வழக்கப்படி தலைகீழாகப் பேசினாள்.

“அண்ணே! நல்லா அழுங்க! உங்க பொண்டாட்டிக்கு உங்களைக் கண்டாலே ஆகாது! இன்னைக்கே உங்களை விட்டுட்டு ஓடப் போறா!”

சொல் கிளம்பியது. காற்றில் குட்டிக்கரணம் போட்டது. தலைகீழாகக் கிளம்பியது நிமிர்ந்து போய் விழுந்தது!

சடையன் காதில் கேட்டது என்ன தெரியுமா? “அண்ணே! அழாதீங்க! உங்க பொண்டாட்டிக்கு உங்க மேல உசிரு! உங்களை விட்டுட்டு எங்கேயும் போக மாட்டா!”

அவன் திரும்பினான். கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். அழுகிற முகத்திலேயே சிரிப்பும் வந்தது.

சிலம்பாயிக்குக் குழப்பமாகப் போய்விட்டது. ‘ஓடப் போறேன்னு சொன்னா சிரிக்கிறாரே!’ பாவையைக் கீழே வைத்தாள். “நான் உங்ககூடத்தான் இருப்பேன்” என்றாள். அவன் முகம் வாடியது. பாவையை எடுத்து, “நான் ஓடிப்போயிடுவேன்” என்றாள். முகம் மலர்ந்தது. கீழே வைத்துச் சொன்னாள், வாடியது. எடுத்துச் சொன்னாள், மலர்ந்தது. மூன்று தடவை இப்படியே செய்து பார்த்தாள்.

மூன்றாவது தடவை அவளுக்குப் பொறிதட்டியது. பாவையை அவன் கையில் கொடுத்து, ‘நீங்களும் இதைப்போலப் பேசுங்க’ என்று ஜாடை காட்டினாள்.

சடையன் பாவையை ஆட்டினான். “எனக்கு உன்னைப் பிடிக்கவே பிடிக்காது. தள்ளிப் போ” என்றான்.

அவள் காதில் விழுந்தது, “எனக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும். பக்கத்துல வா.”

போனாள். அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். முறிந்த காலில் இடித்துவிட்டாள்கூட. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் எப்படிச் சொல்வதென்று யோசிக்க வேண்டுமே!

நாடு முழுக்க எல்லா வீட்டிலும் இதுதானே நடக்கிறது என்று சிலம்பாயிக்குப் புரிந்தது. எல்லாரிடமும் எப்படிச் சொல்வது? எழுதினால் மாறாதுதான், ஆனால் எல்லாவற்றையும் எழுதிக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. பால் பொங்கும்போது ஓலையையும் எழுத்தாணியையும் தேட முடியுமா? தலைகீழாகப் பேசினால் சரியாகிவிடும் என்று ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தாலும், அவசரத்தில் மனதில் இருப்பதுதானே வாயில் வரும்? முட்டுக்காலன் மாதிரிப் பேசிப் பேசிப் பழக வேண்டும். பழக்க அவனே வீட்டுக்கு வீடு போக வேண்டும்.

அவள் பனையோலைகளை அடுக்கினாள். எழுத்தாணியை எடுத்தாள். முதல் ஏடு எழுதினாள். முட்டுக்காலன் சந்தைக்குப் போன கதை அது. புளியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ‘எனக்குப் புளியே வேண்டாம்’ என்பான். கத்தரிக்காய்க்காரியிடம் ‘காய் நல்லாவே இல்லை’ என்று சொல்லி நாக்கைச் சப்புக்கொட்டுவான். ஒவ்வோர் ஓலையிலும் அவன் படத்தைக் கீறிக் கரியைத் தேய்த்தாள். எழுத்துத் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். முதல் ஓலையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘இவனைப் போலப் பேசு, எல்லாம் சரியாகும்.’

அடுத்து இரண்டாம் ஏடு. முட்டுக்காலன் மாமியார் வீட்டுக்குப் போன கதை. எப்படிச் சாப்பாடு கேட்பது, எப்படிக் குழந்தையைக் கூப்பிடுவது, எப்படி மன்னிப்புக் கேட்பது எல்லாம் அதில் இருந்தன.

பக்கத்து வீட்டார் படித்தார்கள். சிரித்தார்கள். பேசிப் பார்த்தார்கள். அசந்துபோனார்கள். அவர்கள் பார்த்து எழுதி அடுத்த தெருவுக்குக் கொடுத்தார்கள். அடுத்த தெரு அதற்கடுத்த தெருவுக்குக் கொடுத்தது. ஒரு மாதத்தில் பாதி நாட்டில் முட்டுக்காலன் ஏடு இருந்தது. ஜனங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ‘போய்த் தொலை’ என்றார்கள், சோற்றைப் பிசைந்து ஊட்டியபடி ‘சாப்பிடாதே’ என்றார்கள். நடுவிலே யாராவது மறந்துபோய் நேராகப் பேசிவிட்டால் மறுபடி ரகளைதான். மறுபடி ஏட்டைப் பிரிப்பார்கள்.

ஆனால் அரண்மனைக்கு ஏடு போகவில்லை. அங்கே குறளிநாதன் இருந்தார். மந்திரம் போட்டவர் அவர்தானே? அவருடைய வாயையும் காதையும் மட்டும் அது தொடாது. அரண்மனையில் புரிகிற மாதிரிப் பேசும் ஒரே மனிதர் அவர் என்று ராஜா எதற்கெடுத்தாலும் அவரையே கூப்பிட்டார். பூவேந்தனுக்கு ஏற்கெனவே எதையும் முடிவு செய்யத் தெரியாது. இப்போது சோறா, பழமா என்பதையும் குறளிநாதன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

குறளிநாதன் ஒரு நாள் குறித்தார். வருகிற பௌர்ணமியன்று சபை கூடும். எல்லார் முன்னாலும், ‘மகாராஜா, நாட்டை எனக்குத் தருகிறீர்களா?’ என்று கேட்பார். ராஜா ‘தர மாட்டேன்’ என்பார். சபைக்கு ‘தருவேன்’ என்று கேட்கும். அவ்வளவுதான், வேலை முடிந்தது!

அப்போதுதான் ஊரில் சில தெருக்களில் சண்டை குறைந்துவிட்டது என்று அவருக்குச் சேதி வந்தது. காரணம் ஒரு கோமாளிப் பாவையின் ஏடு என்றும் தெரிந்தது. அவர் முகம் கறுத்தது. பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையிலே சேவகர்கள் வந்தார்கள். வீடு வீடாக ஏடுகளைப் பிடுங்கித் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சிலம்பாயியைப் பிடித்துக்கொண்டு போய்க் குறளிநாதன் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள்.

உச்சி வெயில். குறளிநாதன் வெளியே வந்தார். அவர் மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் மூன்று முடிச்சுகள். முடிச்சுகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. அவர் கயிற்றைப் பார்த்து, “இறுகு, இறுகு, இறுகு!” என்றார். கயிறு பாம்புபோல நெளிந்து, மூன்று முடிச்சும் இறுகின.

சிலம்பாயி கண் கொட்டாமல் பார்த்தாள்.

“என்ன பார்க்கிறாய்? மந்திரத்தைக் கட்டி வைத்திருக்கும் கயிறு இது. என் குரல் ஒன்றுக்குத்தான் கட்டுப்படும்” என்றார் குறளிநாதன். “நீதான் அந்தக் கோமாளிக்குக் குரல் கொடுப்பவளா?”

“ஆமாங்க.”

“முப்பது வருஷம் மந்திரம் படித்தேன். இந்த நாட்டுக்கு மூன்று தடவை மழை வரவழைத்தேன். யாரும் என்னைப் புத்திசாலி என்று சொன்னதில்லை. ஒரு தோல் பொம்மை சொன்னது. அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள்.” அவர் குரல் லேசாக உடைந்தது.

 புருஷன் காலை உடைத்தவர்மேல் சிலம்பாயிக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

“ஐயா, நான் வேணும்னு சொல்லலைங்க. உங்க தலைப்பாகை கண்ணுல பட்டுது, வாயில வந்துடுச்சு. தப்புதான். மன்னிச்சிடுங்க. இந்த மந்திரத்தை விட்டுடுங்க. ஜனங்க பாவம்.”

“விட்டுவிடுவதா? நாளைக்கு நான் ராஜா!” என்று தன் திட்டத்தை எல்லாம் பெருமையாகச் சொன்னார். “அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீ எனக்கு ஓர் ஏடு எழுத வேண்டும். அதில் முட்டுக்காலன் என்னைப் புகழ வேண்டும். நாளைக்கு அதைச் சபையில் நானே வாசிப்பேன். என் குரல் மட்டும்தான் மாறாமல் கேட்கும். ஒருத்தரும் சிரிக்கக் கூடாது. சிரிக்கிற மாதிரி எழுதினால் உன் புருஷனுக்கு இன்னொரு காலும் இருக்காது.”

சிலம்பாயி அவர் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள். “எழுதித் தர்றேங்க. ஓலை கொடுங்க” என்றாள்.

முற்றத்து நிழலிலே உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் மூன்றாம் ஏட்டை எழுதி முடித்தாள். மூன்றே ஓலை. குறளிநாதன் முதல் ஓலையை மட்டும் மேலோட்டமாகப் பார்த்தார். ‘மகா புத்திசாலியான குறளிநாதர்’ என்று இருந்தது. அதற்கு மேல் படிக்காமல், சபையில் புதிதாக ரசிக்கலாம் என்று பட்டுத்துணியில் சுற்றி வைத்தார்.

பௌர்ணமி காலை. சபை கூடியது. ஜனங்கள் முற்றம் முழுக்க நின்றார்கள். சடையனையும் பக்கத்து வீட்டார் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். சிலம்பாயியைத் தூணோரம் நிறுத்தியிருந்தார்கள். குறளிநாதன் பெரிய தலைப்பாகையோடு எழுந்து, ஏட்டைப் பிரித்து வாசித்தார்.

“முட்டுக்காலன் விறகு வெட்டிக் கட்டினான். கட்டிய முடிச்சைப் பிரிக்க அவனால் முடியவில்லை. வைத்தியர் வந்தார், முடியவில்லை. படைத்தலைவர் வந்தார், முடியவில்லை. அப்போது மகா புத்திசாலியான குறளிநாதர் வந்தார். கயிற்றைப் பார்த்தார். கம்பீரமாக ‘அவிழ்!’ என்றார்.”

நல்ல கம்பீரமாகத்தான் சொன்னார். மணிக்கட்டில் ஒரு முடிச்சு நழுவியது. அவர் கவனிக்கவில்லை. முட்டுக்காலன் ‘குறளிநாதரைப் போல உண்டா!’ என்று வியக்கும் வரியை இரண்டு தடவை வாசித்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் வெட்கமும் சந்தோஷமும் மாறி மாறி வந்தன.

இரண்டாம் ஓலை. “முட்டுக்காலனின் கன்றுக்குட்டி கயிற்றில் சிக்கிக்கொண்டது. ஊரே கூடியது, முடியவில்லை. அப்போது கருணையே வடிவான குறளிநாதர் வந்தார். அன்போடு ‘அவிழ்!’ என்றார்.”

இரண்டாம் முடிச்சும் நழுவியது. சிலம்பாயி விரலை மடக்கி எண்ணினாள். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

மூன்றாம் ஓலையை எடுக்கக் கையை நீட்டினார் குறளிநாதன். கயிறு தளர்ந்து முழங்கைப் பக்கம் சரிந்தது. அவர் நின்றார். கயிற்றைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். உதட்டை அசைக்காமல் கடைசி வரி வரை படித்தார். நிமிர்ந்தார்.

சிலம்பாயி தூணைப் பிடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். கட்டிலில் இருந்த சடையனைத் தேடினாள், கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.

“அடி வஞ்சகி!” என்று குறளிநாதன் இரைந்தார். ஓலையைத் தரையில் வீசினார். “என்னை முட்டாள் என்று நினைத்தாயா? மூன்றாவது தடவையும் நான் ‘அவிழ்!’ என்று சொல்வேன் என்றா நினைத்தாய்?”

சொல்லிவிட்டார்!

 சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்? மூன்றாம் முடிச்சு நழுவியது. கறுப்புக் கயிறு பொத்தென்று கீழே விழுந்து, மாடு கட்டுகிற சாதாரணக் கயிறாகக் கிடந்தது.

மந்திரம் முழுக்கக் கலைவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று குறளிநாதன் பதறிப்போய் ராஜாவிடம் ஓடினார். “மகாராஜா, சீக்கிரம் சொல்லுங்கள்! நாட்டை எனக்குத் தருகிறீர்களா?”

பூவேந்தன் தம் வாழ்நாளிலேயே முதல் தடவையாக யோசிக்காமல் பதில் சொன்னார். “தர மாட்டேன்!”

சபை முழுவதற்கும் ‘தர மாட்டேன்’ என்றே கேட்டது. ஆனால் நாட்டில் அத்தனை நாள் குட்டிக்கரணம் போட்ட மந்திரம் எங்காவது போயாக வேண்டுமே? அது தன்னை ஏவியவர் நாக்கிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. சேவகர்கள் வருவதைப் பார்த்த குறளிநாதன், “என்னை விடுங்கள்!” என்று கத்தினார்.

“என்னைப் பிடியுங்கள்!” என்று எல்லாருக்கும் கேட்டது. பிடித்தார்கள்.

ராஜா அவரை நாட்டைவிட்டுப் போகச் சொன்னார். சேவகர்கள் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனபோது சிலம்பாயி பின்னாலேயே ஓடினாள். தீயில் தப்பிய ஏடு ஒன்றைக் கூட்டத்தில் யாரிடமோ வாங்கியிருந்தாள். முட்டுக்காலன் சந்தைக்குப் போன கதை. ஓரம் கருகிய அந்த ஏட்டை அவர் கையில் கொடுத்தாள்.

“வழியில சோறு தண்ணி கேட்கணுமில்லீங்களா? இதுல இருக்கிற மாதிரி கேளுங்க. கிடைக்கும்.”

குறளிநாதன் அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அவளுக்குச் சரியாகவே கேட்டது. படகு நகர்ந்தது.

இதோடு குழப்பம் தீர்ந்ததா? அதுதான் இல்லை! ஒரு மாதமாகத் தலைகீழாகப் பேசிப் பழகிவிட்ட ஜனங்களுக்கு நாக்கு திரும்பவில்லை. ‘வா’ என்பதற்குப் ‘போ’ என்றார்கள், போனார்கள். பிறகு, ‘ஐயையோ, போகாதே’ என்பதற்குப் பதில் ‘வராதே’ என்றார்கள். பால்காரி மறுபடியும் பாலோடு திரும்பிப் போனாள். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது. நாலாம் நாள்தான் நாடு நிதானத்துக்கு வந்தது.

ராஜா சிலம்பாயியைக் கூப்பிட்டு, “என்ன வேண்டும், கேள்” என்றார்.

“கால் எலும்பை ஒழுங்கா கூட்டத் தெரிஞ்ச ஒரு வைத்தியர் வேணுங்க, மகாராஜா. அப்புறம், எரிஞ்ச ஏடு அத்தனையும் மறுபடி எழுத ஓலை வேணும்” என்றாள்.

அரண்மனை வைத்தியரே வந்தார். ராஜாவின் பனந்தோப்பு முழுவதையும் அவளுக்கே கொடுத்தார்கள். முட்டுக்காலன் ஏடுகள் மூன்றும் தெருத்தெருவாக மறுபடி எழுதப்பட்டன. இப்போது யாருக்கும் அவை தேவைப்படவில்லை. சும்மா சிரிக்கத்தான் கேட்டு வாங்கினார்கள்.

சடையன் கால் ஊன்றி நடந்த மாதத்தில் அரண்மனை முற்றத்திலே கூத்து நடந்தது. விளக்கு ஏறியது, திரையில் முழங்கால் இடிக்க முட்டுக்காலன் வந்து நின்றான். ஜனங்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ராஜா எழுந்தார். எதைக் கேட்பது என்று ரொம்ப நேரம் யோசித்தார். சோறு ஆறியிருக்கும், அவ்வளவு நேரம். கடைசியில், “முட்டுக்காலா, சௌக்கியமா?” என்று மட்டும் கேட்டார்.

முட்டுக்காலன் வாயைத் திறந்தான். மூடினான். குடுமியைச் சொறிந்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். “மகாராஜா, இப்ப நான் எந்தப் பக்கம் பேசணும்? எனக்கே மறந்துபோச்சு!” என்றான்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் உருண்டு முற்றத்தில் விழுந்தது. கூத்து முடிகிறவரை அதை எடுக்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

கதை இவ்வளவுதான். கேட்டவர்கள் வீட்டில் பால் பொங்கட்டும். சொன்னவர் நாக்கு குட்டிக்கரணம் போடாமல் இருக்கட்டும்.